ஸ்ப்ரே பெயிண்டிங்குக்கு கம்ப்ரஸர் எடுத்த அனுபவம்: ஆர்எக்ஸ் 100 டேங்க் முடிஞ்சுது, மாருதி பானெட் பாக்கி

யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கோட பெட்ரோல் டேங்க்கும் ரெண்டு சைடு பேனலும், கலருக்கு மேல பளபளப்புக்கு அடிக்கற கிளியர் வரைக்கும் அடிச்சாச்சு, பஃபிங் மட்டும் பாக்கி. பெயிண்ட் அடிச்ச கதையை விட கம்ப்ரஸர் எடுத்த கதைய எழுதுறதுதான் உபயோகமா இருக்கும்னு தோணுது, ஏன்னா கடைக்குப் போனா எல்லாரும் "எத்தனை எச்பி, எத்தனை லிட்டர் டேங்க்"னு இது ரெண்டைத்தான் பேசுறாங்க, அது ரெண்டையும் மட்டும் வச்சு பெயிண்டிங்குக்கு மெஷின் எடுத்தா கதை கந்தல்தான்.

நான் இருக்கறது கோயமுத்தூர். கம்ப்ரஸர் செய்ற எல்ஜி (Elgi) கம்பெனி 1960-ல ஆரம்பிச்ச ஊரு, பஞ்சர் கடையில இருந்து மில்லு வரைக்கும் எங்க பாத்தாலும் கம்ப்ரஸர், அதனால புதுசும் கிடைக்கும், பழசை பிரிச்சு மேய்ற ஆளுங்களும் கிடைப்பாங்க. எங்க ஏரியாவுல டிங்கரிங் பட்டறை வச்சிருக்கற பெயிண்டர் அண்ணன்கிட்டதான் மொதல்ல கேட்டேன்.

"அண்ணா, வீட்ல அடிக்கறதுக்கு ரெண்டு எச்பி போதுங்களா?"

"எந்த கன் வச்சிருக்கீங்க தம்பி?"

"இன்னும் வாங்கலீங்ணா."

"அப்ப மொதல்ல கன்னை முடிவு பண்ணுங்க. அது எவ்வளவு காத்து கேக்குதோ அதுக்கு மெஷின் பாத்துக்கலாம். மெஷினை எடுத்துட்டு வந்து அதுக்கு கன் தேடுனீங்கன்னா பாதியில மூச்சு வாங்கும், பெயிண்டு துப்பும்."

இதுக்கு மேல இந்த விஷயத்துல சொல்றதுக்கு பெருசா ஒண்ணும் இல்ல, மத்ததெல்லாம் கணக்குதான். காத்து அளவை சிஎஃப்எம்னு போடுவாங்க, நிமிஷத்துக்கு எத்தனை கன அடி காத்துன்னு அர்த்தம், ஒரு கன அடி 28.3 லிட்டர். கார் பட்டறையில வச்சிருக்கற எச்விஎல்பி (காத்து அதிகம், பிரஷர் கம்மி) கன் இருக்குதுல்ல, அது முனையில 10 பிஎஸ்ஐ பிரஷர்தான், ஆனா காத்து மட்டும் 10, 12, சிலது அதுக்கு மேலயும் குடிக்கும். எல்விஎல்பின்னு ஒண்ணு வருது, அது கொஞ்சமா குடிக்கும், 4-ல இருந்து 6-க்குள்ள முடிஞ்சிடும், பெயிண்டு விரிஞ்சு விழற அகலம் (ஃபேன்) கொஞ்சம் சின்னது, கை மெதுவா போகணும், அவ்வளவுதான். டேங்க், மட்கார்டு, பேனல் மாதிரி வேலைக்கு அது தாராளம். நான் 1.3 மிமீ நாஸில் போட்ட எல்விஎல்பி ஒண்ணும், மூலை முடுக்குக்கு 0.8 மினி கன் ஒண்ணும் எடுத்தேன். ஆக எனக்கு நிஜமா வேணுங்கறது 5 சிஎஃப்எம் சுத்தி.

இந்த "நிஜமா"ங்கற எடத்துலதான் கடையில நம்மள ஏமாத்துற மாதிரி ஆயிடும். ஸ்டிக்கர்ல 7, 8 சிஎஃப்எம்னு போட்டிருப்பாங்க, பொய் இல்ல, ஆனா அது பிஸ்டன் இழுக்கற கொள்ளளவை வச்சு போட்ட கணக்கு. சூடு, வால்வ் லீக்கு எல்லாம் போக ஹோஸ்ல வர்றது அதுல 60, 70 சதவீதம் வந்தா நல்ல மெஷின். வெளிய வர்ற காத்தை எஃப்ஏடின்னு தனியா போட்டிருந்தா அதை மட்டும் பாருங்க, போடலைன்னா கேளுங்க, கேட்டும் சொல்லலைன்னா ஸ்டிக்கர் நம்பரை முக்கால்வாசிக்கும் கீழ குறைச்சுக்கோங்க. கார் டயருக்கு காத்து அடிக்கற 12 வோல்ட் டப்பாவுல 150 பிஎஸ்ஐனு எழுதியிருக்கும், அதை பாத்து மயங்கவே வேணாம், பிரஷர் இருக்கும் காத்து இருக்காது. ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரை கழட்டி பண்றதும் அதே கதைதான், ஏர்பிரஷ்ஷுக்கு சரி.

புதுசுல பத்தாயிரத்துக்குள்ள 24 லிட்டர் ஆயில் ஃப்ரீ நிறைய இருக்குது, சத்தம் கம்மியா இருக்கறது பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு நல்லது, காத்துல ஆயில் வராதுங்கறது பெயிண்டுக்கு நல்லது, ஆனா அந்த விலையில வர்றது பெரும்பாலும் 1 எச்பி, எனக்கு பத்தாது. மோட்டார்லயே நேரா பம்ப் மாட்டுன டைரக்ட் கப்ளிங் மெஷின் 2800 ஆர்பிஎம்ல கத்தும், சூடும் சீக்கிரம் ஏறும். பெல்ட் போட்டது பம்ப் மெதுவா சுத்தும், சூடு கம்மி, சத்தமும் கொஞ்சம் பரவால்ல, ஸ்பேர் மூலைக்கு மூலை கிடைக்கும். அதனால செகண்ட் ஹேண்டு பெல்ட் டைப், 2 எச்பி, சிங்கிள் ஃபேஸ், 50 லிட்டர்னு முடிவு பண்ணிட்டு தேட ஆரம்பிச்சேன்.

செகண்ட் ஹேண்டுல ஏமாறாம இருக்க ஒரு சுலபமான டெஸ்ட் இருக்குது, போன்ல ஸ்டாப்வாட்ச் போதும். டேங்க்ல இருக்கற காத்தை சுத்தமா திறந்து விட்டுட்டு, வால்வை மூடி, மெஷினை ஆன் பண்ணி, 6 பார் (பார்ங்கறதும் பிஎஸ்ஐ மாதிரி பிரஷர் அளவுதான்) வர எத்தனை நேரம் ஆகுதுன்னு பாருங்க. 50 லிட்டர் டேங்க்ல 6 பார்னா 300 லிட்டர் காத்து உள்ள போயிருக்குது. மொதல்ல பாத்த மெஷின் பெயிண்ட் எல்லாம் பளபளன்னு அடிச்சு வச்சிருந்தாங்க, முள்ளு நாலு பார் தாண்டுனதும் நகரவே மாட்டேங்குது, நாலு நிமிஷம் கிட்ட ஆச்சு, கணக்கு போட்டா நிமிஷத்துக்கு 75 லிட்டர், ரெண்டரை சிஎஃப்எம் சொச்சம். ரிங்கு தேஞ்சு போச்சு. கடைக்காரர் "புது ரிங் போட்டுக்கலாங்க"ன்னார், போட்டுட்டு கூப்பிடுங்கன்னு வந்துட்டேன். அப்புறம் பாத்தது துருவேறி, பெல்ட் கார்டு நெளிஞ்சு கிடந்துச்சு, ஆனா 2 நிமிஷம் 10 செகண்டுல 6 பார், அதாவது 138 லிட்டர், 4.9 சிஎஃப்எம். அதையே எடுத்தேன்.

எடுக்கறதுக்கு முன்னாடி இன்னும் மூணு விஷயம் பாத்தேன். டேங்க் அடியில இருக்கற டிரெயினை திறந்தா என்ன வருதுன்னு பாக்கணும், கலங்கல் தண்ணி வந்தா பரவால்ல, துரு சேறா, தகடு தகடா வந்தா விலை என்னவா இருந்தாலும் வேணாம், அடி அரிச்ச டேங்க் வெடிச்சா ஆளை காலி பண்ணிடும். ரெண்டாவது, சேஃப்டி வால்வ் வளையத்தை இழுத்தா காத்து விடணும். மூணாவது, கட் ஆஃப் ஆகறப்ப "புஸ்"ஸுன்னு ஒரு சின்ன சத்தம் வரணும். பம்புக்கும் டேங்குக்கும் நடுவுல குழாய்ல நிக்கற பிரஷரை அன்லோடர் வெளிய விடற சத்தம் அது. அது வரலைன்னா அடுத்த தடவை மோட்டார் அந்த பிரஷரை தள்ளிக்கிட்டே கிளம்பணும், சாயங்காலம் வோல்டேஜ் 190-க்கு வர்ற நேரத்துல ம்ம்ம்னு நின்னு காயில் கருகிடும், ரீவைண்டிங் செலவு நம்ம தலையில.

டேங்க் பெருசா இருந்தா போதும்னு சொல்றவங்களுக்கு இந்த கணக்கு. டேங்க் காத்தை உருவாக்காது, கைமாத்து மாதிரி கொஞ்ச நேரத்துக்கு குடுக்கும், அவ்வளவுதான். என் மெஷின் 8 பார்ல நிக்கும், 6 பார்ல திரும்ப ஸ்டார்ட் ஆகும். அந்த ரெண்டு பாருக்கு நடுவுல இருக்கறது 100 லிட்டர், மூணரை கன அடி. 6 சிஎஃப்எம் கன்னை விடாம அழுத்துனா 35 செகண்டுல மோட்டார் ஓட ஆரம்பிக்கும், அப்புறம் மோட்டார் 4.9 குடுக்க, பற்றாக்குறை 1.1 தான், 3 பாருக்கு இறங்கவே அஞ்சு நிமிஷம் கிட்ட ஆகும், யாரும் அவ்வளவு நேரம் ட்ரிக்கரை விடாம பிடிக்கறதில்ல. அதே மெஷின்ல 12 சிஎஃப்எம் எச்விஎல்பி மாட்டுனா எல்லாம் சேத்து ஒரு நிமிஷம் சுத்திலயே காத்து இறங்கிடும், பேனல் நடுவுல பெயிண்ட் பொரி பொரியா விழும். முழு கார் அடிக்கணும்னா 3 எச்பிக்கு மேல போகணும், வீட்டு சிங்கிள் ஃபேஸ்ல அது தலைவலி.

கரண்ட் விஷயம் சுருக்கமா: 2 எச்பின்னா 1.5 கிலோவாட், ஓடறப்ப 9, 10 ஆம்ப், கிளம்பறப்ப அதைப்போல அஞ்சு மடங்கு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல மாட்டவே மாட்டாதீங்க, 2.5 எஸ்கியூஎம்எம் ஒயர்ல 16 ஆம்ப் பாயிண்ட் தனியா இழுத்துக்கோங்க. தூரம் வேணும்னா ஒயரை நீட்டாதீங்க, ஹோஸை நீட்டுங்க. ஹோஸும் 8 மிமீ உள்விட்டத்துக்கு குறையாம.

ஹோஸ் நீளமா இருக்கறதுல இன்னொரு லாபம், காத்து ஆறும். சூடான காத்துல தண்ணி ஆவியா இருக்கும், வாட்டர் செப்பரேட்டரை மெஷின் வாயிலயே மாட்டுனா அது ஆவியை பிடிக்காது, தண்ணி தாண்டிப் போய் ஹோஸ்ல சொட்டா மாறி நேரா பெயிண்ட்ல விழும். அதனால நான் செவுத்துல ஜிஐ பைப் ஏத்தி இறக்கி, அடியில ஒரு டிரெயின் வச்சு, அதுக்கு அப்புறம்தான் ஃபில்டர் ரெகுலேட்டர் மாட்டியிருக்கேன். கடையில மூணு கிண்ணம் இருக்கற செட்டை குடுப்பாங்க, மூணாவது கிண்ணம் ஏர் டூல்ஸுக்கு ஆயில் சொட்டு விடறதுக்கு, பெயிண்டிங் லைன்ல அது வரவே கூடாது, ஒரு சொட்டு ஆயில் போதும் பெயிண்ட் அடிச்ச பெட்ரோல் டேங்க் முழுக்க மீன் கண்ணு மாதிரி குழி விழறதுக்கு. பெயிண்ட் ஊத்தறதுக்கு முன்னாடி கன்னுல வெறும் காத்தை ஒரு மொகம் பாக்கற கண்ணாடி மேல அரை நிமிஷம் அடிச்சு, சாய்ச்சு வெளிச்சத்துல பாருங்க. புள்ளி தெரிஞ்சா தண்ணி, வானவில் மாதிரி படலம் தெரிஞ்சா ஆயில்.

பிரஷர் செட் பண்றப்ப ட்ரிக்கரை அழுத்திப் பிடிச்சுகிட்டே ரெகுலேட்டரை திருப்பணும், சும்மா இருக்கறப்ப 30 காட்டுற முள்ளு காத்து ஓட ஆரம்பிச்சதும் 22-க்கு விழும். எனக்கு 26 பிஎஸ்ஐல பேஸ் கோட் (கலர்) நல்லா படிஞ்சுது, கிளியருக்கு ஒரு ரெண்டு ஏத்துனேன். டேங்க் மூடி பக்கத்துல, வளைவுல லேசா ஆரஞ்சு தோல் மாதிரி நிக்குது, அது 2000 வாட்டர் பேப்பர் போட்டு தேய்ச்சா போயிடும்னு அண்ணன் பாத்துட்டு சொன்னார். ஒரிஜினல் கலரையே அடிச்சதால ஆர்சி-ல மாத்தற வேலை இல்ல.

2கே கிளியர் (ஹார்டனர் கலந்து அடிக்கறது) அடிக்கறவங்க துணி மாஸ்க்கை நம்பாதீங்க, ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்குது, அது நுரையீரலுக்கு ஆகாது. நல்ல காத்தோட்டமான எடம், கொறஞ்சபட்சம் ஆர்கானிக் வேப்பர் கேட்ரிட்ஜும் பெயிண்ட் புகையை தடுக்கற பார்ட்டிகுலேட் ஃபில்டரும் மாட்டுன மாஸ்க், அது இல்லாம திறக்கவே வேணாம். கம்ப்ரஸரையும் அடிக்கற எடத்துல வைக்காதீங்க, பிரஷர் சுவிட்ச்சு ஆன் ஆகறப்ப உள்ள பொறி வரும், சுத்தி தின்னர் ஆவி நிக்கும். என்னது செவுத்துக்கு அந்தப்பக்கம் நிக்குது.

அடுத்தது மாருதி 800 பானெட். பட்டி பாத்து வச்சாச்சு, ஐப்பசி மழையில அடிக்கற ஐடியா இல்ல, வெயில் வந்ததும் ஆரம்பிக்கணும். பிரைமருக்கு 1.7 நாஸில் வேணும், அது எவ்வளவு காத்து இழுக்கும்னு பாத்துட்டு, பத்தலைன்னா பழைய 50 லிட்டர் டேங்க் ஒண்ணை லைன்ல சேக்கறதா, இல்ல பானெட்டை ரெண்டு பாதியா அடிக்கறதான்னு அண்ணன்கிட்ட கேட்டுக்கறேன்.