அரிசி மணி அளவில் ஒரு மின்முனை

அப்பாவின் இடது காறை எலும்புக்குக் கீழே பேஸ்மேக்கர் மேடிட்டிருக்கும் இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கம்பி நினைவுக்கு வரும். இதயத்தின் இரு கீழறைகளும் ஒன்றுசேர்ந்து சுருங்க, இடப்பக்கத்துக்கும் ஒரு கம்பி தேவைப்பட்டது. அது செல்ல வேண்டிய சிரை குறுகி வளைந்திருந்ததால் போகவே இல்லை.

2025 ஏப்ரலில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. ஒப்புதல் அளித்த 'வைஸ்' கருவியைப் பற்றிப் படித்ததிலிருந்து மனம் அதையே சுற்றுகிறது. அரிசி மணி அளவுள்ள மின்முனையை இடது கீழறையின் உட்சுவரில் பதிக்கிறார்கள். அதில் கம்பியும் இல்லை, பேட்டரியும் இல்லை. விலா எலும்புகளுக்கு இடையே தோலுக்கடியில் இருக்கும் கருவி மீயொலியை (அல்ட்ராசவுண்ட்) அனுப்ப, மின்முனை அதை மின்துடிப்பாக மாற்றுகிறது. ஒலியால் ஓர் இதயம் துடிக்கிறது!

வலப்பக்கத்துக்கு பேஸ்மேக்கர் போன்ற ஒரு கருவி இருந்தாக வேண்டும். அதன் துடிப்பை உணர்ந்துதான் வைஸ் இயங்கும். அப்பாவுக்கு பேஸ்மேக்கர் இருக்கிறது. அடுத்த பரிசோதனையில் மருத்துவரிடம் கேட்கப்போகிறேன்.