கணக்குப் பேசிய நாள்

“அங்க நீங்க எங்க பக்கம் நியாயம் இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா சார்?”

வேலையை விட்டுப் போகிறவர்கள் பாக்கியில்லை என்று கொடுக்கும் நோ-டியூஸ் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே அவர் கேட்டார். என்னைவிடப் 12 வயது மூத்தவர். லாக்கர் சாவி, 2 ஜோடி யூனிஃபார்ம், ஐடி கார்டு எல்லாம் என் மேஜை மேல் இருந்தன. சாவியில் சிவப்புக் கம்பளி நூல் கட்டியிருந்தது. அதை மட்டும் அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “உங்களுக்காகத்தானே அண்ணே அவ்வளவு நேரம் பேசினேன்” என்றேன். அது பதில் இல்லை என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. அந்த யோசனை ஒரு புத்தகத்திலிருந்து வந்தது என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

அப்போது ரயிலில் போகவர, பழங்கால கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடீஸைப் படித்துக்கொண்டிருந்தேன். ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் மோதிய பெலோபொனீசியப் போரின் வரலாறு, மூன்றாம் பாகம், மித்திலீன் விவகாரம். கி.மு. 428இல் லெஸ்போஸ் தீவின் மித்திலீன் நகரம் ஏதென்ஸை எதிர்த்துக் கிளம்பி, மறு ஆண்டு சரணடைகிறது. ஏதென்ஸ் மக்கள் சபை கோபத்தில் முடிவெடுக்கிறது: வயதுவந்த ஆண்கள் அத்தனை பேரையும் கொல்வது, பெண்களையும் பிள்ளைகளையும் அடிமையாக்குவது. உத்தரவோடு கப்பலும் போய்விடுகிறது. மறுநாள் அவர்களுக்கே மனசு கேட்காமல் மறுபடி கூடுகிறார்கள். கிளியோன் என்ற ஏதென்ஸ் அரசியல்வாதி எழுந்து, இரக்கம், பேச்சில் மயங்குவது, பெருந்தன்மை, இந்த மூன்றும் பேரரசுக்கு ஆகாது என்கிறான். எதிர்த்துப் பேசியவன் டயோடோட்டஸ். அவன் இரக்கம் கேட்கவில்லை. குற்றவாளிகளாகவே இருக்கட்டும், கொல்வதில் நமக்கு லாபமில்லை என்றால் கொல்லச் சொல்லமாட்டேன், இது ஒன்றும் நீதிமன்றமில்லை என்கிறான். சரணடைந்தாலும் சாவுதான் என்றால் அடுத்த ஊர்க்காரன் கடைசிவரை சண்டை போடுவான். முற்றுகைச் செலவு நம் தலையில், கைக்கு வருவது இடிந்த ஊர், கப்பப் பணமும் போச்சு. கை தூக்கியபோது ஏறக்குறைய சரிசமம். டயோடோட்டஸ் மயிரிழையில் ஜெயித்தான்.

உடனே இரண்டாவது கப்பல். முதல் கப்பல் கிளம்பி ஏறத்தாழ ஒரு பகல் ஓர் இரவு ஆகிவிட்டது. துடுப்புக்காரர்கள் ஒயினும் எண்ணெயும் விட்டுப் பிசைந்த வாற்கோதுமை மாவைத் துடுப்பை விடாமலே தின்கிறார்கள், முறைவைத்துத் தூங்குகிறார்கள். முதல் கப்பலோ, போகிற காரியம் பிடிக்காமல் மெதுவாகப் போகிறது. மித்திலீனில் இருந்த ஏதென்ஸ் தளபதி கொலை உத்தரவைப் படித்து முடித்த நேரத்தில் இரண்டாவது கப்பல் கரை சேர்கிறது.

எங்கள் விஷயம் இதற்கு உறைபோடக் காணாது. ஓவர்டைம் கணக்கில் குளறுபடி, அதுவும் எங்கள் பக்கத்துக் குளறுபடி. 14 பேர் ஒரு ஷிப்ட் மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயந்திரம் எம்.டி., “பதினாலு பேரையும் அனுப்பிடுங்க” என்றார். கடிதங்களை நானே டைப் செய்தேன். தபாலுக்கு அனுப்பாமல் டிராயரில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமை ஒரே ஒரு தாளோடு அவர் அறைக்குப் போனேன். புது ஆள் பழக 3 மாதம், நிற்கும் ஆர்டர், வக்கீல் ஃபீஸ், உள்விசாரணை இல்லாமல் டிஸ்மிஸ் செய்தால் லேபர் கோர்ட்டில் நமக்கு வரும் தலைவலி. முதலில் எழுதியபோது தாளின் மேலேயே ‘அவர்கள் கேட்டது அவர்களுக்குச் சேர வேண்டிய பணம்’ என்று ஒரு வரி இருந்தது. அதை நீக்கிவிட்டுத்தான் பிரிண்ட் எடுத்தேன்.

நாற்பது நிமிடம். எம்.டி. இறங்கிவந்தார். “சரி, 12 பேர் இருக்கட்டும். ஆரம்பிச்சு வெச்ச ரெண்டு பேர் வேண்டாம்.” நான் தலையாட்டினேன். யோசித்துக்கூட ஆட்டவில்லை.

அந்த வரியைச் சொல்லியிருந்தால், “அப்ப கம்பெனி அநியாயம் பண்ணுச்சுங்கறீங்களா?” என்று கேட்டிருப்பார். பேச்சு அங்கேயே முடிந்திருக்கும், 14 கடிதமும் போயிருக்கும். இதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. டயோடோட்டஸே ஓரிடத்தில் சொல்கிறான், இந்தச் சபையில் நல்ல யோசனை சொல்ல வந்தவனும் பொய் சொன்னால்தான் எடுபடும் என்று. ஆக அவன் மனதில் இருந்ததும் நியாயம்தான், வாய்தான் லாபம் பேசியது என்று வாசிக்கலாம். எனக்கு வசதியான வாசிப்பு. அவனுக்கு மனதில் என்ன இருந்தது என்று தூசிடிடீஸ் எழுதவில்லை. எனக்கு என்ன இருந்தது என்று எனக்காவது தெரிய வேண்டுமே. அந்தத் தாளை மூன்று தடவை விளக்கியதில் ஆர்டர் நின்றுவிடுமே என்பதுதான் என் உண்மையான கவலை ஆகிவிட்டிருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அறையை விட்டு வெளியே வந்தபோது எனக்கு ஒரே சந்தோஷம். 12 பேர் பிழைத்ததற்காக மட்டுமில்லை. 2400 வருஷத்துக்கு முந்தைய ஒரு பேச்சு எங்கள் எம்.டி. அறையில் பலித்துவிட்டதே என்று. வேறு யாருக்கும் புரியாத சந்தோஷம். அந்த இரண்டு பேர் ஞாபகத்துக்கு வந்தது திங்கட்கிழமை, நோ-டியூஸ் படிவம் எடுத்தபோதுதான். மித்திலீனிலும் எல்லோரும் பிழைக்கவில்லை. முன்னின்று நடத்தியவர்கள் என்று ஏதென்ஸுக்குக் கொண்டுவரப்பட்டிருந்த ஆயிரத்துச் சொச்சம் பேரை, கிளியோனின் தீர்மானப்படி கொன்றார்கள். அடுத்த பத்தியிலேயே இருக்கிறது. துடுப்புக்காரர்கள் மாவு தின்றதை எத்தனையோ தடவை திருப்பிப் படித்த நான், இதை ஒரே ஓட்டமாகக் கடந்திருக்கிறேன்.

ஐந்தாம் பாகத்தை இந்த வருஷம்தான் படித்தேன். கி.மு. 416, மெலோஸ் தீவு. நியாயம் பற்றிப் பேசக்கூடாது என்பது அங்கே ஏதென்ஸ் தூதர்களே போடுகிற நிபந்தனை. சரியென்று மெலோஸ்காரர்களும் லாபக் கணக்கே பேசிப் பார்க்கிறார்கள். எடுபடவில்லை. கடைசியில் அங்கே ஆண்களைக் கொன்றார்கள், பெண்களையும் பிள்ளைகளையும் விற்றார்கள்.

போன மாதம் ஜி.எம். கூப்பிட்டார். புது மெஷின் வருகிறது, ஆறு பேர் அதிகம். “அன்னைக்கு எம்.டி.க்கு ஒரு ஷீட் குடுத்தீங்களே, அதே மாதிரி இதுக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க. உங்களுக்குத்தான் அது நல்லா வருது.”

பழைய எக்செல் ஃபைலையே திறந்து வேறு பெயரில் சேமித்தேன். இந்தத் தடவை எப்படிப் போட்டாலும் அவர்களை வைத்திருப்பதுதான் நஷ்டம் என்று வருகிறது. இன்னும் அனுப்பவில்லை.