ஆல்-அமெரிக்கா அணியை நானே தேர்ந்தெடுத்துப் பார்த்தேன்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஒவ்வொரு சீசன் முடிவிலும் 'ஆல்-அமெரிக்கா' அணியை அறிவிப்பார்கள். அந்த அணி எந்த மைதானத்திலும் இறங்கி ஆடாது. குவாட்டர்பேக் (பந்தை வீசுபவர்) யார், இடது டேக்கிள் (அவரை இடப்பக்கம் காப்பவர்) யார், பன்டர் (பந்தை உதைத்துத் தள்ளுபவர்) யார் என்று ஒவ்வொரு இடத்துக்கும் அந்த வருஷம் நாட்டிலேயே சிறந்தவரைச் சொல்லும் பட்டியல், அவ்வளவுதான். ஆனால் அதில் ஒருமுறை பெயர் வந்துவிட்டால் அந்தப் பட்டம் சாகும்வரை கூடவே வரும்.

இந்தப் பட்டியலை ஒருவர் வீட்டில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தே போட முடியுமா என்று செய்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். எடுத்துக்கொண்டது 2023 சீசன். முழு ஆட்டப் பதிவுகளைப் பார்ப்பது, தாளில் பெயர் எழுதுவது, எல்லா இடமும் நிரம்பிய பிறகுதான் அதிகாரப்பூர்வப் பட்டியலைத் திறப்பது என்று ஏற்பாடு. சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை யாருக்குப் போனது என்பது மட்டும் ஊருக்கே தெரிந்த செய்தி. அதைத் தெரியாதது மாதிரி நடிக்க முடியாது.

குவாட்டர்பேக் இடத்தில் ஆரம்பித்தேன். ஹைஸ்மன் வாங்கிய லூசியானா ஸ்டேட் ஜேடன் டேனியல்ஸ் அந்த வருஷம் 40 டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது) பாஸ் வீசினார், நான்கே நான்கு பந்துகளைத்தான் எதிரணியிடம் கொடுத்தார். ஓடியே 1,134 யார்டு. ஃப்ளோரிடாவுக்கு எதிராக நவம்பரில் ஒரே ஆட்டத்தில் 372 யார்டு வீசி 234 யார்டு ஓடியது, பார்க்கும்போதே நம்ப முடியாத ரகம். ஆனாலும் என் கை வாஷிங்டனின் மைக்கேல் பெனிக்ஸ் பக்கமே போனது. டேனியல்ஸின் அணி அந்த சீசனில் மூன்று ஆட்டம் தோற்றது. பெனிக்ஸ் தன் அணியைத் தேசிய இறுதி ஆட்டம் வரை இழுத்துப்போனார், அதுவும் நெருக்கிப் பிடித்த ஆட்டங்களில். தாளில் பெனிக்ஸ் என்றே எழுதினேன். மாற்றும் எண்ணம் இல்லை.

குவாட்டர்பேக்குக்காவது சண்டை போட எண்கள் இருக்கின்றன. லைன்மேனுக்கு (முன்வரிசையில் நின்று எதிராளியோடு மல்லுக்கட்டுபவர்) என்ன இருக்கிறது? பந்தைத் தொடவே மாட்டார், ஸ்கோர் கார்டில் பெயர் வராது. இங்கேதான் நேரமெல்லாம் போனது. நோட்ரே டேம் அணியின் இடது டேக்கிள் ஜோ ஆல்ட், சட்டை எண் 76. அவருடைய அப்பாவும் தொழில்முறை அணியான கன்சாஸ் சிட்டி சீஃப்ஸுக்கு இதே இடத்தில் ஆடியவர். பந்து எங்கே போகிறது என்பதைக் கவனிக்காமல் 76ஐ மட்டும் பார்ப்பது என்று உட்கார்ந்தேன். முதல் கால் மணி நேரம் கொடுமையாக இருந்தது. கூட்டம் கத்துகிறது, கண் தானாகவே பந்துக்கு ஓடுகிறது.

அப்புறம் பிடிபட ஆரம்பித்தது. ஸ்நாப் ஆனதும், அதாவது பந்து குவாட்டர்பேக் கைக்கு வந்ததும், இடது காலைப் பின்னால் வைத்துப் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போகிறார். எதிராளி வெளிப்பக்கமாகச் சுற்றி வந்தால், அவனைத் தடுத்து நிறுத்தக்கூட முயல்வதில்லை. நெஞ்சில் கை வைத்து அவன் போகிற திசையிலேயே இன்னும் கொஞ்சம் தள்ளிவிடுகிறார். அவன் குவாட்டர்பேக்கைத் தாண்டி எங்கேயோ போய் நிற்கிறான். வலது கையால் வீசும் குவாட்டர்பேக்குக்கு இடது பக்கம்தான் முதுகுப்பக்கம். தன் பின்னால் நடந்தது அவருக்குத் தெரியவே தெரியாது. ஒஹாயோ ஸ்டேட்டிடம் 17–14 என்று தோற்ற ஆட்டத்தில் எல்லோருக்கும் நினைவிருப்பது, கடைசி நொடி டச்டவுனின்போது நோட்ரே டேம் பத்து பேரை மட்டும் களத்தில் நிறுத்தியிருந்த கூத்துதான். என் தாளில் அந்த ஆட்டத்துக்கு நேராக '76, சத்தமே இல்லை' என்று இருக்கிறது. லைன்மேனுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

தடுப்பாட்டத்திலும் இதே கதை. டெக்சாஸின் டிவான்ட்ரே ஸ்வெட் 360 பவுண்டுக்கு மேல் எடை, நடுவில் நிற்பவர். சாக் (குவாட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்துவது) கணக்கைப் பார்த்தால் யாரும் சீந்த மாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் இரண்டு பேர் அவரைப் பிடித்துக்கொண்டிருக்க, பக்கத்தில் இருப்பவன் சும்மா புகுந்து பெயர் வாங்குகிறான். அவருக்குச் சிறந்த லைன்மேனுக்கான அவுட்லாண்ட் கோப்பை கொடுத்தவர்கள் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார்கள் என்று சந்தோஷமாக இருந்தது. லைன்பேக்கர் (முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரர்) பேட்டன் வில்சன், எதிராளியைப் பிடித்து வீழ்த்தியது 138 முறை, இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. பின்வரிசையில் நோட்ரே டேமின் சேவியர் வாட்ஸ், யுஎஸ்சி அணியின் கேலப் வில்லியம்ஸை அக்டோபரில் திணறடித்த அந்த ஒரு ஆட்டமே போதும். வில்லியம்ஸ் முந்தைய வருஷ ஹைஸ்மன்காரர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த தேர்வு பன்டர்தான். அயோவாவின் டோரி டெய்லர், மெல்போர்னில் இருந்து வந்த ஆஸ்திரேலியர். அயோவாவின் தாக்குதல் ஆட்டம் அந்த வருஷம் பார்க்கச் சகிக்காது. நான்கு முயற்சியில் பத்து யார்டு நகர வழியில்லாமல் பந்தை உதைத்து எதிரணியிடம் தள்ளிவிடுவதே பிழைப்பு. ஆனால் டெய்லர் உதைத்தால் அது எதிரணியின் எல்லைக்கோட்டுப் பக்கம் போய் விழும், அங்கிருந்து அவர்களாலும் நகர முடியாது. இப்படியே பத்து ஆட்டம் ஜெயித்தார்கள். 93 பன்ட், 4,479 யார்டு. 1938இல் மிச்சிகன் ஸ்டேட்டின் ஜானி பிங்கல் வைத்த 4,138 யார்டு சாதனையை 85 வருஷம் கழித்து முறியடித்தார். மோசமான அணியில் இருந்ததால்தானே இத்தனை வாய்ப்பு என்று கேட்கலாம். கேட்கலாம்தான். ஆனால் ஒவ்வொன்றும் சராசரியாக 48 யார்டு போயிருக்கிறதே.

கிக்கர் (கோல் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைப்பவர்) இடம் வந்தபோது தாள் காலியாக நின்றது. பெரிய கல்லூரிகளில் யாரும் மனதில் ஒட்டவில்லை. சிறந்த கிக்கருக்கான லூ க்ரோசா விருது வாங்கிய கிரஹாம் நிக்கல்சன் ஆடியதோ ஒஹாயோ மாநிலத்தில் இருக்கும் மயாமி பல்கலைக்கழகத்துக்கு. அந்தக் கல்லூரி ஆடும் கான்ஃபரன்ஸ் (கல்லூரிகளின் லீக்) நவம்பரில் செவ்வாய், புதன் இரவுகளில் ஆடும். சனிக்கிழமை ஆட்டங்களையே தேடிய என் கண்ணில் அவர்கள் படவே இல்லை. முதல் டிவிஷனின் மேல்தட்டில் மட்டும் அந்த வருஷம் 133 அணிகள். பதிவைத் தேடிப் பிடித்த பிறகுதான் அவர் பெயரை எழுதினேன்.

இந்தப் பட்டியலின் பிறவிக் கோளாறே இதுதான். முதல் ஆல்-அமெரிக்கா அணி 1889இல் கேஸ்பர் விட்னியின் பத்திரிகையில் வந்தது. அமெரிக்க ஃபுட்பாலின் தந்தை எனப்படும் வால்டர் கேம்ப்பின் பெயரும் அதோடு சேர்த்தே பேசப்படும். பதினோரு பேரும் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் மூன்றில் ஆடியவர்கள். பெயர் என்னவோ முழு அமெரிக்காவுக்கும், பார்த்தது ரயிலில் போய் வரும் தூரத்தில் இருந்த மூன்று கல்லூரிகளை. அந்த அணியின் குவாட்டர்பேக் பெயர் எட்கர் ஆலன் போ, கவிஞர் போவின் சொந்தக்காரர்தான். கேம்ப் 1924 வரை தன் பெயரில் பட்டியல் போட்டுவந்தார். அதற்குள் இல்லினாயின் ரெட் கிரேஞ்ச் மாதிரி நாட்டின் மேற்குப் பக்க ஆட்டக்காரர்களை ஒதுக்கவே முடியாத நிலை வந்துவிட்டது.

இப்போது ஒரே ஆள் முடிவு செய்வதில்லை. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ ஐந்து பட்டியல்களை ஏற்கிறது: ஏபி செய்தி நிறுவனம், ஸ்போர்ட்டிங் நியூஸ், ஃபுட்பால் எழுத்தாளர் சங்கம், பயிற்சியாளர் சங்கம், வால்டர் கேம்ப் அறக்கட்டளை. ஐந்திலும் முதல் அணியில் இருந்தால் ஏகமனதான தேர்வு. போதுமான பட்டியல்களில் வந்தால் கன்சென்ஸஸ். ஒருவர் பார்க்காததை இன்னொருவர் பார்த்திருப்பார் என்கிற கணக்கு. முன்பு எனக்கு இது வீண் சிக்கலாகத் தெரிந்தது. கிக்கருக்குப் பிறகு அப்படித் தோன்றவில்லை.

இதில் பெயர் இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்பவர்களுக்கு ஜோ மான்டானா ஒருவர் போதும். நோட்ரே டேமை 1977இல் தேசிய சாம்பியன் ஆக்கினார், பிறகு தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் நான்கு சூப்பர் பௌல் (அதன் இறுதி ஆட்டம்) வென்றார். ஆனால் கல்லூரி ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் இல்லை. அங்கே நுழைய ஏதாவது ஒரு அங்கீகரிக்கப்பட்ட பட்டியலின் முதல் அணியில் இருந்திருக்க வேண்டும். அவர் எதிலும் இல்லை.

2023 தாள் முடிந்து, ஒப்பிட்டாயிற்று. பெரும்பாலும் ஒத்துப்போனது, குவாட்டர்பேக் உட்பட ஒரு சில இடங்களில் மட்டும் சண்டை. இப்போது 2024இல் இருக்கிறேன், அதில் கொலராடோவின் டிராவிஸ் ஹன்டர் தொல்லை. ரிசீவராக 96 கேட்ச், 15 டச்டவுன். அதே ஆட்டங்களில் கார்னர்பேக்காக (எதிரணி ரிசீவரைக் காவல் காப்பவர்) நின்று நான்கு இன்டர்செப்ஷன் (எதிரணி வீசிய பந்தைப் பறிப்பது). சிறந்த ரிசீவர் விருது, சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது, ஹைஸ்மன் மூன்றும் அவருக்கே. எந்தக் கட்டத்தில் எழுதுவது? இதே தலைவலி 1929இலும் வந்திருக்கிறது. மினசோட்டாவின் பிரான்கோ நகுர்ஸ்கியைச் சிலர் டேக்கிளாகவும் சிலர் ஃபுல்பேக்காகவும் (பந்தோடு ஓடுபவர்) போட்டார்கள். ஆனால் அந்தக் காலத்தில் எல்லோருமே இரண்டு பக்கமும் ஆடியவர்கள். தாக்குதலுக்கும் தடுப்புக்கும் தனித்தனியாகப் பதினோரு பேர் என்று கன்சென்ஸஸ் பட்டியல் பிரிந்தது 1965இல்தான். அதற்குப் பிறகு இப்படி ஒருவர் வருவார் என்று யாரும் கட்டம் போட்டு வைக்கவில்லை.

எல்லாம் செய்பவர் என்று ஒரு தனிக் கட்டம் இருக்கிறதுதான், ஆனால் அதில் போட்டால் நழுவுவது மாதிரி இருக்கிறது. இப்போதைக்குப் பென்சிலில் கார்னர்பேக் என்று எழுதியிருக்கிறேன். கொலராடோவின் நவம்பர் ஆட்டங்கள் இன்னும் பாக்கி.