மணியடித்தால் பிரியும் வகுப்பு

2024 செப்டெம்பர் 10, செவ்வாய்

சமய பாடத்துக்கு மணி அடித்ததும் என் தரம் நான்கு நாலாகப் பிரிகிறது. சைவப் பிள்ளைகள் வகுப்பிலேயே இருப்பார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் ஐந்து பேர் நூலக அறைக்கு. கிறிஸ்தவம் படிக்கிற இருவர் வேப்பமரத்தடிக்கு. மிச்சம் ஒரு பிள்ளை. உம்மம்மா வீடு காத்தான்குடி, வாப்பாவுக்கு மட்டக்களப்பு டவுனில் கடை. இஸ்லாம் பாடநூல் அரசாங்கம் தந்திருக்கிறது, அழகாக உறையும் போட்டு வைத்திருக்கிறாள். படிப்பிக்கத்தான் ஆள் இல்லை. கடைசி வாங்கில் இருந்து படத்துக்கு நிறம் தீட்டுவாள்.

இன்று சம்பந்தர் தேவாரம் பாடமாக்கினோம். மூன்றாம் அடியில் வழக்கம்போல எல்லோரும் தடக்கி நின்றார்கள். பின்னாலிருந்து அந்த அடி சுத்தமாக வந்தது. திரும்பிப் பார்த்தால், பச்சைப் பென்சில் பிடித்த கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறாள். களவு பிடிபட்ட முகம். "சரியாத்தான் சொன்னாய்" என்றேன். அதற்கு மேல் என்ன சொல்வதென்று எனக்கும் தெரியவில்லை.

செப்டெம்பர் 11, புதன்

அவளுடைய உம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன், வேறு வாயால் போவதை விட. கோபப்படுவார் என்று நினைத்தேன். "பாட்டுப் பாடமாகினது பிழையில்ல டீச்சர், காதுக்குக் கதவா இருக்கு? அவட பாடத்த ஆர் சொல்லிக் குடுக்கிறது, அதச் சொல்லுங்க" என்றார்.

முதலாம் தவணையிலேயே ஆள் கேட்டுக் கடிதம் எழுதினோம். மேலிடத்திலிருந்து பதில் இல்லை. ஒரு பிள்ளைக்காக ஆசிரியர் போட முடியாதாம், அதுவும் வாய்ச் சொல்தான்.

செப்டெம்பர் 12, வியாழன்

சுற்றாடல் பாடத்தில் தண்ணீர் வந்தது. கிணற்றில் ஒரு வாளி அள்ளி வந்து நடுவில் வைத்தேன். "உங்கட வீட்டில, கோயில்ல, பள்ளிவாசல்ல தண்ணிய என்னத்துக்கு எடுக்கிற? செய்து காட்டுங்க."

முன்வாங்குப் பையன் எழும்பினான். போன மாதம் ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்தில் அப்பாவோடு முழுகினானாம். "செத்துப்போன அப்பப்பாவுக்கு." வாளிக்குள் முழுக முடியாதென்று தலையில் மூன்று முறை தெளித்துக் காட்டினான், சட்டையெல்லாம் ஈரம். கத்தோலிக்கப் பிள்ளை ஒரு விரல் நுனியை மட்டும் நனைத்துச் சிலுவை போட்டாள். "கோயில் வாசல்ல இருக்கும் டீச்சர், கொஞ்சம் போதும்." மரத்தடி வகுப்புக்காரி தங்கள் சபையில் வளர்ந்த பிறகுதான் முழுக்கு ஞானஸ்நானம் என்றாள். "கல்லடிக் கடலிலயா?" என்று நாலு பேர் ஒரே குரலில் கேட்டார்கள்.

அப்புறம் கடைசி வாங்கு. தொழுகைக்கு முதல் கழுவுகிற முறையைக் காட்டச் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்தாள். மணிக்கட்டுவரை கை, வாய், மூக்கு, முகம், முழங்கைவரை கை, தலை தடவி, காது, கடைசியில் கால். எல்லாம் வலப்பக்கம் முதல். வகுப்பு மூச்சுக் காட்டவில்லை. அரைவாசியில் ஒருத்தன் பகிடியாகச் செய்யத் தொடங்கினான், "மூக்க விட்டுட்டாய், முதல்ல இருந்து செய்" என்று அதட்டினாள். இந்த ஆண்டில் அவள் போட்ட முதல் அதட்டல்.

'எல்லா மதமும் ஒன்றே' என்று சுவரில் எழுதுவது எனக்குப் பிடிக்காது. ஒன்று என்றால் இவள் ஏன் மூக்கைக் கழுவுகிறாள், அவன் ஏன் அப்பப்பாவுக்கு முழுகுகிறான்? எனக்கு வேண்டியது அந்த 'ஏன்'.

முடிகிற நேரம் தோணிக்காரர் மகன் கேட்டான்: "எங்கட அப்பா எங்கயும் கும்பிடப் போறல்ல. கடவுள் இல்லையாம். அவர் எந்த வகுப்பு?" அவருக்கென்று புத்தகம் அடிக்கவில்லையே. "அவர் தண்ணிய என்னத்துக்கு எடுக்கிற?" என்று பக்கத்துப் பிள்ளை கேட்டது. யோசித்துச் சொன்னான்: "வாவியால வந்து கால் கழுவாம உள்ள வரமாட்டார்."

செப்டெம்பர் 18, புதன்

ஞாயிறு புலமைப்பரிசில் பரீட்சை, திங்கள் மீலாத், செவ்வாய் பௌர்ணமிப் போயா. வாளிக் கதை அதற்குள் ஊர் சுற்றிவிட்டது.

சக ஆசிரியை ஒருவர்: "பிள்ளையள் கலங்கிப் போகும்." சுவரில் விபுலானந்த அடிகள் படம். காரைதீவில் 1892இல் பிறந்தவர் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்புப் புனித மிக்கேலிலும் படித்துத்தானே துறவியானார் என்றேன். "பிறகு அவரே ஏன் இராமகிருஷ்ண மிஷனோட சேர்ந்து எங்கட பிள்ளையளுக்குத் தனியாப் பள்ளிக்கூடம் நடத்தினவர்?" நல்ல கேள்வி. என்னிடம் அரை விடைதான் இருந்தது. அன்று கிறிஸ்தவ மிஷன் பாடசாலை போன பிள்ளையைச் சமயம் மாற்றிவிடுவார்கள் என்ற பயம் வெறும் கற்பனையும் அல்ல.

மத்தியானம் மரத்தடி வகுப்புப் பிள்ளையின் தாய். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பில் சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு வகுப்பு முடிந்து நின்ற பிள்ளைகளும் செத்ததை எனக்கு நினைவூட்டினார். "அந்தக் கடைசி வாங்கில, அவவோட என்ட பிள்ளைய இருத்தாதீங்க." தர்க்கம் பண்ண வாய் வரவில்லை. தேத்தண்ணி கொடுத்தேன். போகும்போது வகுப்பை எட்டிப் பார்த்தார். இரண்டு பிள்ளைகளும் ஒரு அழிறப்பருக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தன. ஒன்றும் சொல்லாமல் போனார். நானும் இடம் மாற்றவில்லை.

ஒக்டோபர் 11, வெள்ளி

வாணி விழா, சரஸ்வதி பூசை. இஸ்லாம் பாடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. உம்மா நேற்றே சொல்லியனுப்பினார்: படைச்சது வேண்டாம், படைக்க முதல் எடுத்து வைத்தால் பிள்ளை தின்னும். கடலை அவித்ததும் முதல் வேலையாக மூடி போட்ட கிண்ணத்தில் எடுத்து வைத்தேன். மரத்தடிப் பிள்ளைகளுக்கும் அதிலிருந்துதான்.

தோணிக்காரர் மகன் இரண்டு பக்கமும் கை நீட்டினான். படைத்ததிலும் ஒரு வாய், கிண்ணத்திலும் ஒரு வாய். "எது ருசி?" என்று கேட்டார்கள்.

"ரெண்டிலயும் உப்புக் காணா" என்றான். அவித்தது நான்.