டான்சானியாவுல கணக்கு வாத்தியாரா போய் ஸ்வாஹிலி கத்துக்கிட்டது

2018-ல மோஷி பக்கத்துல ஒரு கிராமத்து செகண்டரி ஸ்கூல்ல வாலண்டியரா கணக்கு எடுக்கப் போனேன். கிளிமாஞ்சாரோ அடிவாரம். செகண்டரியில மீடியம் இங்கிலீஷ்தானே, அந்த நாட்டு மொழியான ஸ்வாஹிலி எதுக்குன்னு போறதுக்கு முன்னாடி நிறைய பேர் சொன்னாங்க. பேப்பர்ல அப்படித்தான். ஆனா அங்க 1967-லருந்து பிரைமரி ஸ்வாஹிலியில, பசங்க ஏழு வருஷம் அதுலயே படிச்சுட்டு ஃபார்ம் ஒன், அதாவது செகண்டரி முதல் வருஷம், வந்ததும் மொத்த பாடமும் இங்கிலீஷுக்கு மாறிடும், நான் போர்டுல பின்னம் போட்டு விளக்கிட்டு புரிஞ்சுதான்னு கேட்டா கோரஸா "யெஸ் டீச்சர்" வரும், நோட்டைப் பார்த்தா காலி. தமிழ் மீடியத்துல படிச்சுட்டு இன்ஜினியரிங் காலேஜ் போனவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்ல.

அதனால முதல்ல உருப்போட்டது க்ளாஸுக்கு வேணுங்கிறதைத்தான். கூட்டுறதுக்கு ஜும்லிஷா, கழிக்க தோவா, பெருக்க ஸிதிஷா, வகுக்க கவான்யா. இந்த நாலையும் இங்கிலீஷ் நடுவுல சொருகி நடத்துனேன். அந்த ஊர் வாத்தியார்களும் அப்படித்தான் கலந்து பேசுறாங்க, இல்லன்னா வேலைக்கே ஆகாது. என் உச்சரிப்பைக் கேட்டு பசங்க சிரிப்பாங்க, சிரிச்சுட்டு திருத்துவாங்க, அப்புறம் அவங்களே கேள்வி கேட்க ஆரம்பிச்சாங்க, எனக்கு வேண்டியது அதுதான்.

இலக்கணம் பத்தி ரொம்ப பயமுறுத்துவாங்க. வினைச்சொல் நமக்கு சுலபம்னுதான் சொல்வேன். நாம படிக்கிறேன், படிச்சேன், படிப்பேன்னு காலத்தையும் ஆளையும் பின்னாடி ஒட்டுறோம், அவங்க நினசோமா, நிலிசோமா, நிதசோமான்னு முன்னாடி ஒட்டுறாங்க, அவ்ளோதான். கஷ்டம் பெயர்ச்சொல்லுல. ஒவ்வொரு சொல்லும் ஒரு குழுவுல இருக்கும், கூட வர்ற அடைமொழியும் அதே எழுத்தை மாட்டிக்கும். நல்ல புத்தகம் கிதாபு கிஸூரி, பன்மையில விதாபு விஸூரி, நல்ல குழந்தைன்னா ம்தோதோ ம்ஸூரி. இதுல தப்பு விட்டாலும் யாருக்கும் புரியாம போகாது, அதனால நான் அதை கிடப்புல போட்டுட்டேன்.

வணக்கம் சொல்றதை மட்டும் கிடப்புல போட முடியாது. பெரியவங்களைப் பார்த்தா ஷிகமோ சொல்லியே ஆகணும், அவங்க மரஹபான்னு ஏத்துப்பாங்க. அப்புறம் காலை எப்படி, வீடு எப்படி, வேலை எப்படின்னு வரிசையா விசாரிப்பு, எல்லாத்துக்கும் பதில் ந்ஸூரி, நல்லா இருக்குன்னு. இதை முடிக்காம நேரா விஷயத்துக்கு வந்தா மரியாதை தெரியாதவன்னு நினைப்பாங்க. அவசரமா ஸ்கூலுக்கு ஓடுற நேரத்துல வழியில நாலு பாட்டி உட்கார்ந்திருந்தா நாலு பேருக்கும் தனித்தனியா உண்டு. மணி வேற சூரியன் உதிக்கிறதுலருந்து எண்ணுவாங்க, நம்ம காலை ஏழு மணி அங்க ஒரு மணி, ஸ்கூல் மீட்டிங் எத்தனை மணிக்குன்னு யார் சொன்னாலும் எந்தக் கணக்குன்னு கேட்டுக்கணும்.

சாப்பாட்டுக்கு நான் கஷ்டப்படல. உகாலின்னா மக்காச்சோள மாவுக் களி, கையால உருட்டித்தான் சாப்பிடணும். காலையில உலேஸின்னு சொல்ற கேழ்வரகுல கூழ், அங்கயும் அது கிராமத்து ஆகாரம்தான். ஸ்கூல்ல மதியம் மகாண்டே, மக்காச்சோளமும் பீன்ஸும் சேர்த்து வேகவெச்சது, முதல் வாரம் பிடிச்சது, அப்புறம் பழகிடுச்சு (பிடிச்சதுக்கும் பழகினதுக்கும் வித்தியாசம் இருக்கு). சைவமா இருக்குறவங்க சிலி ந்யாமான்னு மனப்பாடம் பண்ணிக்கோங்க, கறி சாப்பிட மாட்டேன்னு அர்த்தம், சொன்னதும் அப்போ கோழி சாப்பிடுவியான்னு கேட்பாங்க, அதுக்கும் இல்ல சொல்லணும், அப்புறம் மீன் வரும்.

சந்தைக்கு எண் வேணும். நூறாயிரத்துக்கு அங்கயும் லகிதான், நம்ம லட்சம் கடல் தாண்டிப் போனது, அதனால ஆயிரம் ஆயிரமா எண்ணுற ஷில்லிங் (அந்த ஊர் பணம்) கணக்குல மத்த வெளிநாட்டுக்காரங்களை விட நான் வேகம். புங்குஸா கிதோகோ, கொஞ்சம் குறைங்கன்னு ரெண்டு தடவை சொன்னா குறையும். குறையலன்னா ந்யோங்கேஸா கேளுங்க, நம்ம கொசுறுதான், அவகாடோ சீசன்ல தயங்காம ஒண்ணு எடுத்துப் போடுவாங்க.