சந்தைச் செறிவைக் கணிக்கும் மாடல் எங்கே சறுக்குகிறது

சந்தை எத்தனை குறைவான நிறுவனங்களின் கையில் குவிந்திருக்கிறது என்பதே செறிவு. செறிவுக் கணிப்பைப் பழக இந்திய செல்பேசிச் சந்தை அருமையான களம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் மாதாமாதம் 22 தொலைத்தொடர்பு வட்டங்களுக்கும் நிறுவனவாரியாக வாடிக்கையாளர் எண்ணிக்கையை வெளியிடுகிறது. பத்து வருடத்துக்கு 2,640 வட்ட-மாதங்கள்.

பதிவான இணைப்புகளை எடுத்தால் மேசை டிராயரில் தூங்கும் சிம்களும் கணக்கில் ஏறிவிடும். நெட்வொர்க்கில் உயிரோடிருக்கும் இணைப்புகளைக் காட்டும் விஎல்ஆர் எண்ணையே எடுங்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் பங்குச் சதவீதத்தையும் வர்க்கமாக்கிக் கூட்டினால் வருவது ஹெச்ஹெச்ஐ என்ற செறிவு அளவு. ஒரே நிறுவனம் என்றால் 10,000. சமபலமுள்ள நான்கு என்றால் 2,500. அமெரிக்காவின் 2023 நிறுவன இணைப்பு வழிகாட்டுதலில் 1,800-ஐத் தாண்டினாலே அதிகச் செறிவு.

பலரும் இந்த ஹெச்ஹெச்ஐயையே நேராக லைட்ஜிபிஎம் என்ற, முடிவு மரங்களால் ஆன இயந்திரக் கற்றல் மாடலிடம் கணிக்கக் கொடுக்கிறார்கள். அது தவறு. மர வகை மாடல்கள் பயிற்சியில் பார்த்த எல்லையைத் தாண்டிய மதிப்பைத் தருவதில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. 2018-ல் ஏர்செல் முடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் வோடபோனும் ஐடியாவும் ஒன்றாயின. ஏழெட்டு நிறுவனங்கள் இருந்த காலத்தில் பயின்ற மாடலுக்கு அதன் பிறகு வந்த உயரம் எட்டவே எட்டாது.

அதற்குப் பதிலாக ஒவ்வொரு நிறுவனத்தின் பங்கும் 12 மாதத்தில் எவ்வளவு மாறும் என்று கணியுங்கள். கூட்டுத்தொகை 100 வரும்படி சரிசெய்து, பிறகு வர்க்கமாக்குங்கள். இங்கே ஒரு குழி இருக்கிறது: சராசரிக் கணிப்பை வர்க்கமாக்கினால் ஹெச்ஹெச்ஐ குறைவாகவே வரும், பிழையின் பரவல் அதில் விடுபடுவதால். பழைய பிழைகளிலிருந்து ஓர் ஆயிரம் முறை மாதிரி எடுத்து, ஒவ்வொன்றையும் பங்குக் கணிப்போடு கூட்டி ஹெச்ஹெச்ஐ கண்டு, கடைசியில் சராசரி எடுங்கள். நிறுவன இணைப்பை மாடலிடம் விடவேண்டாம். 20%, 15% பங்குள்ள இருவர் சேர்ந்தால் ஏற்றம் 2×20×15 = 600. கூட்டல் பெருக்கலே போதும்.

பயிற்சிக்கும் சோதனைக்கும் தரவைக் குலுக்கிப் பிரிக்காதீர்கள். பக்கத்து மாதங்கள் ஏறக்குறைய ஒன்றே என்பதால் விடை கசிந்து, மாடல் அற்புதமாகத் தெரியும். காலத்தால் பிரித்து, நடுவே 12 மாதம் இடைவெளி விடுங்கள். "அடுத்த வருடமும் இதே அளவுதான்" என்ற வெறும் ஊகத்தை வெல்லாத மாடலைத் தூக்கிப்போடலாம். 22 வட்டங்களும் ஒன்றாகவே அசைவதால், 2,640 என்பதும் உண்மையில் மிகச் சிறிய தரவுதான்.

செறிவும் போட்டியும் வேறு வேறு. ஜியோ வந்த பிறகு செறிவு ஏறியபோதே கட்டணம் சரிந்தது. 2019 டிசம்பரில்தான் மூன்று தனியார் நிறுவனங்களும் சேர்ந்தாற்போல் கட்டணத்தை உயர்த்தின. அதனால் எண் மாறாமல் நிறுவனம் மாறக் கேட்டோர் எண்ணிக்கையையும் தனியே கணியுங்கள். டிராய் அதைத் தொடக்கம் முதலான மொத்தமாகத் தரும் அட்டவணைகளில், முந்தைய மாதத்தைக் கழித்துவிட்டு, உயிருள்ள இணைப்புகளால் வகுக்க வேண்டும்.