எண்ணிக்கைத் தாளில் காலியாக விடப்படும் பத்தி

மாநில நெடுஞ்சாலை ஒன்றை நான்கு வழியாக அகலப்படுத்துவதா, சாலைத் தளத்தின் தடிமன் எவ்வளவு, ஊரைச் சுற்றிப் புறவழிச்சாலை போட்டால் வண்டிகள் அதில் போகுமா? திட்ட அறிக்கையில் இதற்கெல்லாம் பக்கம் பக்கமாகக் கணக்கு இருக்கும். அந்தக் கணக்குக்கெல்லாம் அடியில் கிடப்பது, புளியமரத்தடியில் உட்கார்ந்து ஒருவர் கோடு போட்ட தாள். நான்கு கோடு நெட்டாக, ஐந்தாவது குறுக்காக. வண்டி வகைக்கு ஒரு பத்தி, மணிக்கு ஒரு வரிசை. வலது ஓரத்தில் ‘குறிப்பு’ என்று ஒரு பத்தி உண்டு. பெரும்பாலும் அது காலியாகவே அலுவலகம் வந்து சேரும். எண்கள் அத்தனையும் ஒழுங்காக எண்ணப்பட்டிருந்தும் திட்டம் தவறிப் போனால், காரணத்தை நான் முதலில் அந்தப் பத்தியில்தான் தேடுவேன்.

ஊர்ப்புறச் சாலைகளுக்கான கணக்கெடுப்பு முறையை, சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் (ஐ.ஆர்.சி.) 1972-லேயே வகுத்துவிட்டது. ஐ.ஆர்.சி. 9 என்ற அந்த விதிநூல்படி ஆண்டுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் தொடர்ந்து 7 நாள், நாளுக்கு 24 மணி நேரமும் எண்ண வேண்டும். ஒரு முறை அறுவடை மும்முரத்தில், இன்னொரு முறை மந்தமான காலத்தில். எட்டு மணி நேர ஷிப்ட் மூன்று. திருவிழா, பொருட்காட்சி போன்ற நாட்களைத் தவிர்க்கச் சொல்கிறது. தமிழ்நாட்டில் அப்படியொரு சாதாரண வாரத்தைக் கண்டுபிடிப்பதே தனி வேலை. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. கல்யாண வேன்களும் கார்களும் குறையும். அதே ஆடியில் அம்மன் கோயில் இருக்கிற சாலையில் கூட்டம் நெரியும். கார்த்திகை பிறந்ததும் தெற்கே போகும் சாலைகளில் சபரிமலை வண்டிகள். தைப்பூசத்துக்குப் பழனிச் சாலைகளில் பாதயாத்திரை. வண்டி எண்ணிக்கை பெரிதாக மாறாவிட்டாலும் வேகம் பாதியாகிவிடும். டெல்டாவில் சம்பா அறுவடை முடிந்ததும் நெல் கொள்முதல் நிலையங்களுக்கு லாரியும் டிராக்டரும் வரிசை கட்டும். சர்க்கரை ஆலை இருக்கும் வட்டாரம் என்றால், அரவை நடக்கிறதா இல்லையா என்ற ஒரு வரி இல்லாமல் டிராக்டர் பத்தியில் இருக்கும் எண்ணுக்குப் பொருளே கிடையாது.

இந்தச் சங்கதிகள் தாளில் இருந்தால்தான் பருவத் திருத்தம் போட முடியும். வழக்கமான வழி, அந்தச் சாலையில் இருக்கும் பெட்ரோல் பங்குகளின் மாதாந்திர விற்பனையை வாங்குவது. ஆண்டின் சராசரி மாத விற்பனையை, எண்ணிய மாதத்தின் விற்பனையால் வகுத்தால் பெருக்க வேண்டிய எண் கிடைக்கும். டீசலையும் பெட்ரோலையும் தனித்தனியாக வகுக்க வேண்டும். லாரியின் பருவமும் பைக்கின் பருவமும் ஒன்றல்ல. ஒரே ஒரு பங்கை மட்டும் நம்பினாலும் ஏமாறலாம். எதிரே புதிய பங்கு திறந்ததால் விற்பனை குறைந்திருக்கும். அதைப் பருவம் என்று நாம் எழுதிவிடுவோம்.

இரவு ஷிப்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை மொத்த எண்ணிக்கை குறைவு, தூக்கம் அதிகம். ஆனால் தொலைதூர லாரிகள் கணிசமாக ஓடுவது அப்போதுதான். தளத்தை நோகடிப்பவையும் அவையே. இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் ஏறக்குறைய ஒரே எண் எழுதப்பட்டிருந்தால் அந்தத் தாள் விடிந்தபிறகு நிரப்பப்பட்டது என்று சந்தேகிக்கலாம். உண்மையான போக்குவரத்து அவ்வளவு ஒழுங்காக வராது. இதற்கு மருந்து மிரட்டல் இல்லை. திசைக்கு இரண்டு பேர், மாற்றி மாற்றி டீ, வெளிச்சம், மழைக்குக் கூரை. இதற்குப் பணம் ஒதுக்கினால் தாள் சரியாக வரும்.

எண்ண வருபவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது அலுவலகப் பெயர்களைச் சொல்லிக் குழப்பக் கூடாது. ஆறு வீல், பத்து வீல், பன்னிரண்டு வீல், பதினாலு வீல் என்று சொன்னால் யாருக்கும் புரியும். பத்து வீலை டாரஸ் என்று சொன்னால் இன்னும் சுலபம். சிக்கல் எழுவது இரண்டு இடத்தில். காலியாகப் போகும் பெரிய லாரிகள் சில, ஒரு ஆக்ஸிலைத் தூக்கிக்கொண்டு ஓடும். தரையைத் தொடும் சக்கரத்தை மட்டும் எண்ணினால் பன்னிரண்டு வீல் பத்து வீலாகிவிடும். அடுத்தது குட்டி யானை. சாலையின் கொள்ளளவுக் கணக்கில் அதற்கு இடம் உண்டு. தளத்தின் தடிமனைக் கணக்கிடும்போது, லோடோடு சேர்த்து 3 டன்னும் அதற்கு மேலும் உள்ள வண்டிகளை மட்டுமே எடுக்கிறோம். குட்டி யானை அதில் வராது. அதையும் கனமான மினி லாரியையும் ஒரே பத்தியில் எண்ணிவிட்டால் பிற்பாடு பிரிக்க வழியில்லை.

வகை வகையாக எண்ணியதை பி.சி.யு. எனப்படும் கார் அலகுக்கு மாற்றுவார்கள். ஐ.ஆர்.சி. 64-1990 சொல்லும் மதிப்புகளில் பைக்குக்கு 0.5, காருக்கு 1, லாரிக்கும் பேருந்துக்கும் 3, மாட்டுவண்டிக்கு 8. சமவெளியில், வளைவு அதிகமில்லாத இருவழிச் சாலைக்கு நாளுக்கு 15,000 பி.சி.யு. என்பது அதே நூலின் வரம்பு. ஒரு சாலையில் 9,000 பைக் ஓடுகிறது என்று வையுங்கள், 4,500 பி.சி.யு., அதாவது வரம்பில் 30 விழுக்காடு. சுங்கச்சாவடித் தரவை மட்டும் வைத்து அகலப்படுத்தலை முடிவு செய்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். பைக்குக்குக் கட்டணம் இல்லை, ஆகவே பதிவும் இல்லை. டிராக்டரும் அப்படியே. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமான பிறகு சாவடித் தரவு மிகவும் மேம்பட்டிருப்பது உண்மை. மாதத்துக்கு மாதம் ஏற்ற இறக்கம் எப்படி, எந்த மணியில் உச்சம் என்பதற்கு அதைவிட நல்ல மூலம் இல்லை. மொத்த எண்ணிக்கைக்கு அது போதாது. தவிர, சாவடிக்கு முன்னால் கிராமச் சாலையில் இறங்கி, தாண்டி ஏறும் வண்டிகளை எந்த ரீடரும் படிக்காது.

தானியங்கி எண்ணிகள் வந்தபிறகு மனிதத் தவறு ஒழிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. தவறு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். சாலைக்குக் குறுக்கே இரண்டு ரப்பர் டியூப்களை, இடைவெளியை டேப்பால் அளந்து ஆணியடித்து வைப்பார்கள். சக்கரம் ஏறும்போது எழும் காற்றழுத்தத்தை வைத்துக் கருவி ஆக்ஸில்களை எண்ணி, அவற்றின் இடைவெளியிலிருந்து வண்டி வகையைத் தீர்மானிக்கும். தடம் பிடித்து ஓடும் நாட்டில் அருமையான கருவி. நம் சாலையில் இரண்டு பைக் பக்கம் பக்கமாக ஏறினால் ஒன்றாகிவிடும். ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி ஏறினால் கார் ஆகிவிடலாம். மே மாத வெயிலில் தார் இளகி ஆணி தளர்ந்தால் டியூப் நெளிந்து இடைவெளி மாறும். வேகமும் வகையும் சேர்ந்தே கெடும். பேருந்து நிறுத்தத்துக்கோ வேகத்தடைக்கோ அருகில் வைத்தால் வண்டிகள் ஊர்ந்து, டியூப் மேலேயே நின்று, கணக்கு குழம்பும்.

கேமராவுக்கு வேறு நோய்கள். உயரம் போதாவிட்டால் பேருந்து மறைத்த ஆட்டோவும் பைக்கும் காணாமல் போகும். இரவில் எதிரே வரும் முகப்பு விளக்கின் கூச்சம். மழைத்துளி கண்ணாடியில் ஒட்டியதும் அடுத்த இரண்டு மணி நேரம் வீண். எந்தக் கருவியாக இருந்தாலும் பகலில் ஒரு மணி நேரம், இரவில் ஒரு மணி நேரம் கையால் எண்ணி ஒப்பிட வேண்டும். ஒப்பிடும்போது மொத்தத்தைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. விட்டுப்போன பைக்கும் பொய்யாகப் பிறந்த காரும் ஒன்றையொன்று ஈடு செய்து, மொத்தம் அழகாகப் பொருந்திவிடும். வகை வகையாகப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

நகரச் சந்திப்புகளில் வேறொரு பொறி இருக்கிறது. நான்கு சாலை கூடும் இடத்தில் 12 திருப்பங்கள், யூ-டர்ன் தனி. சிக்னலைத் தாண்டிய வண்டிகளை எண்ணுகிறோம். உச்ச நேரத்தில் சந்திப்பு திணறிக்கொண்டிருந்தால், அந்த எண் சந்திப்பு எவ்வளவு விட்டது என்பதைத்தான் சொல்லும். எத்தனை பேர் வர விரும்பினார்கள் என்பதைச் சொல்லாது. எட்டரை மணிக்கு எண்ணிக்கை ஏழரையைவிடக் குறைந்திருப்பதைப் பார்த்து, உச்சம் ஏழரைக்கே முடிந்துவிட்டது என்று எழுதிய அறிக்கைகள் உண்டு. உண்மையில் எட்டரைக்குத்தான் சாலை அடைத்துக்கொண்டு நின்றிருக்கும். பச்சை விளக்கு அணையும்போது எத்தனை மீட்டருக்கு வண்டிகள் தேங்கி நிற்கின்றன என்பதை ஒவ்வொரு சுற்றிலும் குறித்தாக வேண்டும். குறிப்புப் பத்தியில் ‘ஜாம்’ என்ற ஒரு சொல்லாவது இருந்திருந்தால் அந்த அறிக்கைகள் தப்பியிருக்கும்.

எண்ணிக்கையைவிட எடை கொடூரமானது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை அந்நாட்டு மாநில நெடுஞ்சாலை அதிகாரிகளின் சங்கமான ஆஷோ நடத்திய சாலைச் சோதனையிலிருந்து வந்த நான்காம் அடுக்கு விதியைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம்: ஆக்ஸில் எடை ஏற ஏற, சேதம் அதன் நான்காம் அடுக்காக ஏறும். இரட்டை டயர் ஒற்றை ஆக்ஸிலுக்கு 80 கிலோநியூட்டன், ஏறத்தாழ 8.16 டன், என்பது அடிப்படை அலகு. 10.2 டன் ஆக்ஸில் இதுபோல 2.4 மடங்கு சேதம் தரும், 11.5 டன் ஏறக்குறைய 4 மடங்கு. 15 டன் 11 மடங்குக்கு மேல். 2018 ஜூலையில் மத்திய அரசு இந்த ஆக்ஸிலுக்கான சட்டப்பூர்வ வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. எடை உயர்வு 13 விழுக்காடுக்குள். சேத உயர்வு 60 விழுக்காடு. அதற்கு முந்தைய ஆக்ஸில் எடைத் தரவை இன்னும் எங்காவது ஒரு கோப்பிலிருந்து நகலெடுத்துச் செருகுகிறார்கள் என்றால், அந்தச் சாலையின் ஆயுளைப் பற்றி நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

எடை எடுக்கும்போது போலீஸ் துணையோடு லாரியை ஓரங்கட்டி, எடைப் பலகை மேல் ஒவ்வொரு ஆக்ஸிலாக ஏற்றுவார்கள். பலகை தரையைவிட உயரமாக இருந்தால், அதன் மேல் ஏறிய ஆக்ஸில் பக்கத்து ஆக்ஸிலின் சுமையையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். டாரஸின் பின் ஆக்ஸில்களில் இது பளிச்சென்று தெரியும். ஆகவே முன்னும் பின்னும் அதே கனத்தில் வெற்றுப் பலகைகள் வைக்க வேண்டும். ஒரே பலகையை இடப்பக்கம் வைத்து இரண்டால் பெருக்குவதும் வழக்கம். சாலை இடப்பக்கம் சரிந்திருப்பதால் அந்தப் பக்கச் சக்கரம் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். பெருக்கும்போது அதுவும் இரட்டிக்கும். இதையெல்லாம்விடப் பெரியது செல்போன். எடை போடுகிறார்கள் என்ற செய்தி ஒரு மணி நேரத்துக்குள் டிரைவர்களிடையே பரவும்; ஓவர்லோடு லாரிகள் டீக்கடையில் படுத்துவிடும், அல்லது வேறு வழி பிடிக்கும். முதல் ஒரு மணி நேரச் சராசரியையும் பிற்பாடு வந்த சராசரியையும் பிரித்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகச் சீருடை யாரும் அங்கே நிற்காமல் இருப்பது நல்லது. அபராதம் கிடையாது என்பதைத் தமிழிலும் இந்தியிலும் எழுதி வைத்தால் பாதிப் பேர் நம்புவார்கள்.

தார்ச்சாலைத் தள வடிவமைப்புக்கான ஐ.ஆர்.சி. 37-2018, எடை போடுவதற்குக் கேட்கும் மாதிரி அளவு: நாளுக்கு 3,000 கனரக வண்டி வரை 20 விழுக்காடு, 3,000 முதல் 6,000 வரை 15 விழுக்காடு, குறைந்தது 600 வண்டி, அதற்கு மேல் 10 விழுக்காடு, குறைந்தது 900. அளவு சரியாக இருந்தும் திசையைப் பிரிக்காவிட்டால் எல்லாம் பாழ். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகளை நினைத்துக்கொள்ளுங்கள்: சுரங்கத்திலிருந்து ஆலைக்கு லோடு, திரும்பும்போது எம்டி. ஓர் உதாரணக் கணக்கு: இருவழிச் சாலை, திறக்கும் ஆண்டில் இரு திசையும் சேர்த்து 1,200 கனரக வண்டி, வளர்ச்சி 5 விழுக்காடு, 20 ஆண்டு. லோடு பக்கம் சேத எண் (ஒரு வண்டி அடிப்படை ஆக்ஸிலைப்போல எத்தனை மடங்கு சேதம் தருகிறது என்பது) 7, எம்டி பக்கம் 0.5 என்று வைத்தால் சராசரி 3.75. சராசரியைப் போட்டால் 27 எம்.எஸ்.ஏ., அதாவது 27 மில்லியன் அடிப்படை ஆக்ஸில், வரும். லோடு போகும் பாதியை மட்டும் பார்த்தால் 51. திரும்பும் பாதி நான்கைக்கூடத் தொடவில்லை. தளத்தைக் கனமான பக்கத்துக்குத்தான் வடிவமைக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. இரு பக்கத் தாள்களையும் ஒன்றாகக் கட்டி அனுப்பிவிட்டால் விதி என்ன செய்யும்?

புறவழிச்சாலைக்கு வண்டியை நிறுத்தி ‘எங்கிருந்து, எங்கே’ என்று கேட்கும் கணக்கெடுப்பு தேவை. ‘சென்னை’ என்று டிரைவர் சொல்வதை அப்படியே எழுதினால் பயனில்லை. மாதவரமா, துறைமுகமா, ஒரகடமா என்பதைக் கேட்டு வாங்க வேண்டும். ஊரின் இரு முனையிலும் கணக்கெடுப்பு நிலையம் இருந்தால் ஒரே வண்டி இரண்டு முறை மாட்டும். அதைக் கழிக்காவிட்டால் ஊடுருவிப் போகும் போக்குவரத்து ஊதிப் பெருகித் தெரியும்.

வளர்ச்சி விகிதம் போடும்போது 2020, 2021 எண்களைப் பழைய வரிசையோடு கோத்துக் கோடு இழுக்கக் கூடாது. ஊரடங்கு ஆண்டைத் தொடக்கமாக வைத்தால் வளர்ச்சி வானத்தைத் தொடும், முடிவாக வைத்தால் பூஜ்யத்துக்கு வரும். இரண்டுக்கும் தேவைப்படும் முடிவுக்கேற்ப ஆள் இருக்கிறார்கள். வாகனப் பதிவு எண்ணிக்கையும் அப்படியே நம்பத்தக்கதல்ல. நாமக்கல்லில் பதிவான லாரி நாடு முழுக்க ஓடுகிறது; காயலான் கடைக்குப் போன வண்டி பதிவேட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

கோப்பில் கடைசியாகத் தங்குவது பெரும்பாலும் சுருக்க அட்டவணையின் பி.டி.எஃப். மட்டும். ஐந்து ஆண்டு கழித்து எடுத்துப் பார்ப்பவருக்கு ‘கி.மீ. 42/6’ என்ற இடம் எங்கே என்று தெரியாது. இடையில் சாலை மறு அளவீடு செய்யப்பட்டுக் கல் நகர்ந்திருக்கும். நிலையத்தின் ஜி.பி.எஸ். புள்ளி, நின்ற இடத்திலிருந்து இரு திசையிலும் ஒரு படம், மணிவாரியான மூலத்தாள்களின் ஸ்கேன், எண்ணும் முறை, சாவடி விலக்கு விவரம், பக்கத்தில் அப்போது எந்தப் பாலம் வேலை நடந்து எந்தப் பாதை மூடியிருந்தது என்ற வரி: இவ்வளவும் ஒரு பென் டிரைவில் அடங்கும். ஒப்பந்தத்தில் ஒப்படைக்க வேண்டியவை பட்டியலில் இவற்றைப் பெயர் சொல்லிச் சேர்த்தால் மட்டுமே கன்சல்டன்ட் தருவார்; இறுதித் தவணை விடுவிக்கும் முன் கேட்டு வாங்குவது நலம்.